வெள்ளை இலை சோறு போடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டுக்குள் வளர்க்கும் வெள்ளையும் பச்சையும் கலந்த அபூர்வச் செடிகளைப் பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டிப் 'பராமரிப்புக் குறிப்புகள்' என்று ஐந்தாறு வரி கொடுத்திருந்தீர்களே, அதை யாராவது அப்படியே செய்தால் ஆறு மாதத்தில் தொட்டியில் மண் மட்டும்தான் மிஞ்சும். வெளிச்சமில்லாத குளியலறை மூலைக்கு ஏற்ற செடி என்கிறது ஒரு வரி. வெள்ளை குறைந்தால் உரத்தைக் கூட்டுங்கள் என்கிறது இன்னொரு வரி. சின்னத் தவறு என்றால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன், இது அஸ்திவாரமே கோணலாக இருக்கிற சங்கதி. எட்டு வருடமாக இந்தச் செடிகளோடு மல்லுக்கட்டி, வளர்த்ததைவிடக் கொன்றதே அதிகம் என்கிற தகுதியில் எழுதுகிறேன்.

இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம், வெளிச்சத்தைப் பிடித்துச் செடிக்குச் சாப்பாடு தயாரிப்பது அதுதான் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். நாம் ஆசைப்பட்டு வாங்கும் அந்த வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அதாவது பாதி வெள்ளையாக உள்ள இலையில் ஒரு பாதி சம்பாதிக்கிறது, மறுபாதி உட்கார்ந்து சாப்பிடுகிறது. இது புரிந்துவிட்டால் மீதிப் பராமரிப்பு தன்னால் வந்துவிடும். சம்பாதிக்கும் இடம் குறைவு, அதனால் முழுப்பச்சைச் செடியைவிட இதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். வளர்ச்சி மெதுவாக இருக்கும், அதனால் தண்ணீரும் உரமும் குறைவாகவே போதும். உங்கள் கட்டத்தில் இருந்தது இதற்கு நேர் எதிர்.

நானும் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன்தான். என்னிடம் ஒரு ஆல்போ மான்ஸ்டெரா (பெரிய இலைக் கொடியான மான்ஸ்டெராவில் வெள்ளை கலந்த வகை) இருந்தது, இப்போதும் இருக்கிறது. வாங்கும்போது நாலு இலை. அதில் ஒன்று, நடுநரம்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, ஒரு பக்கம் பச்சை மறுபக்கம் வெள்ளை. இதை அரைநிலா என்பார்கள். அடுத்த குருத்து விரிந்தபோது முழு வெள்ளை. விளக்குக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் என் விரலின் நிழல் தெரியும், அவ்வளவு மெல்லிசு. படம் எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவைத்தேன். அதற்கடுத்ததும் வெள்ளை, மூன்றாவதும் வெள்ளை. நான் ஏதோ சாதித்துவிட்ட மிதப்பில் திரிந்துகொண்டிருக்க, நாலாவது குருத்து உள்ளங்கை அளவுகூட வரவில்லை. முதல் வெள்ளை இலையின் ஓரத்தில் பழுப்புக் கறை படர ஆரம்பித்து, நனைந்து காய்ந்த காகிதம் மாதிரி சுருண்டது, கீழே இருந்த பச்சை இலை ஒன்று மஞ்சளானது. செடிக்குச் சத்து போதவில்லை என்று நினைத்து உரமும் தண்ணீரும் கூட்டினேன், உங்கள் கட்டம் சொன்னதைத்தான் நானும் செய்தேன். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேரில் பாதி கொழகொழவென்று கையோடு வந்தது.

என்னைவிட நெடுங்காலம் செடி வளர்க்கும் ஒரு பெரியவர் வந்து பார்த்தார். இலைப் பக்கமே திரும்பவில்லை, தண்டைத்தான் பார்த்தார். "மேலே மூன்று கணுவுக்குப் பச்சைக் கோடே இல்லையே, அப்புறம் எப்படிப் பச்சை இலை வரும்?" என்றார். அதுவரை நான் தண்டை உற்றுப் பார்த்ததே இல்லை. உண்மையில் இந்தச் செடியின் எதிர்காலம் தண்டில்தான் எழுதியிருக்கிறது. கணுவில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், கண் என்போம். அந்தக் கண்ணின் மீது வெள்ளைக் கோடும் பச்சைக் கோடும் கலந்து ஓடினால் அங்கிருந்து வரும் கிளையும் கலந்து வர வாய்ப்பு உண்டு. சுத்த வெள்ளையில் உட்கார்ந்த கண் வெள்ளைக் கிளையைத் தரும், அது தாய்ச்செடியை உறிஞ்சும் வரை உறிஞ்சிவிட்டுக் காயும். சுத்தப் பச்சையில் உட்கார்ந்த கண் சாதாரண மான்ஸ்டெராவைத் தரும்.

வெட்டினேன். கை நடுங்கியது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். கோடு கலந்து ஓடும் கணுவுக்குச் சற்று மேலே, ஆல்கஹாலில் துடைத்த கத்தியால், மூன்று வெள்ளை இலையோடு சேர்த்து வெட்டிப் போட்டேன். ஐந்து வாரம் கழித்துக் கண் ஒன்று வீங்கி முளைத்தது, ஆனால் விரிந்ததோ முழுப்பச்சை. நான் கோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை, கண் இருந்த இடத்தில் பச்சைதான் ஓடியிருக்கிறது. அதை விட்டுவைத்திருந்தால் பச்சைக் கிளை கிடுகிடுவென வளர்ந்து, சில மாதத்தில் தொட்டி முழுக்கச் சாதாரணச் செடி ஆகியிருக்கும். திரும்ப வெட்டினேன். அடுத்த கண்ணில் வந்தது கலப்பு. ஆக, வெள்ளை மிஞ்சினாலும் வெட்ட வேண்டும், பச்சை மிஞ்சினாலும் வெட்ட வேண்டும். ஒரே ஒரு இலை முழு வெள்ளையாக வந்துவிட்டால் பதற வேண்டாம், அடுத்த குருத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மூன்று தொடர்ந்து வந்தால் கத்தியை எடுங்கள்.

ஏன் இப்படி ஆட்டம் காட்டுகிறது என்றால், இந்தச் செடி ஒரே உடம்பில் இரண்டு செடி. தண்டின் நுனியில் புதிய செல்கள் உருவாகும் இடத்தில், பச்சையம் உண்டாக்கத் தெரிந்த செல்களும் தெரியாத செல்களும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. தாவரவியலில் இதற்குக் கைமீரா என்று பெயர். இரண்டில் எதற்கு நுனியில் இடம் கிடைக்கிறதோ அதன் நிறம் இலையில் வருகிறது. வெளிச்சம் குறைந்தால் சம்பாதிக்கும் பச்சைக் கிளை முந்திக்கொள்ளும், வெளிச்சம் குறையாமல் பார்ப்பதும் கோடு பார்த்து வெட்டுவதும்தான் நம் கையில் இருக்கிறது. உரம் போட்டோ, செடியை வெயிலில் வாட்டியோ வெள்ளையை வரவழைக்க முடியாது.

ஸ்னேக் பிளான்ட் வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓரத்தில் மஞ்சள் கரை போட்ட லாரன்டை வகையில் ஒரு இலையைத் துண்டு துண்டாக நறுக்கி நட்டால் துண்டுகள் வேர் விடும், குட்டியும் போடும். ஆனால் குட்டிகளில் மஞ்சள் கரை இருக்காது. மஞ்சள் கரை வேண்டுமென்றால் கிழங்கோடு சேர்த்துப் பிரித்து நடுவது ஒன்றே வழி. நான் நறுக்கி நட்ட ஒன்பது துண்டில் பிழைத்த ஆறும் கரையில்லாத பச்சைதான்.

உங்கள் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு செடிகளை ஒரே வரிசையில் அடுக்கி 'வெரிகேட்டட் செடிகள்' என்று பொதுவாகச் சொல்லியிருந்தீர்கள். அதுவும் ஒரு குழப்பம். சிந்தாப்சஸ் பிக்டஸ் இலையில் மின்னும் வெள்ளிப் புள்ளி, பைலியா கடீரியையில் இருக்கும் அலுமினியப் பட்டை இவையெல்லாம் பச்சையம் இல்லாததால் வருவதில்லை. இலையின் மேல்தோலுக்கும் அடியில் உள்ள திசுவுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கிறது, வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால் வெள்ளியாகத் தெரிகிறது, கீழே பச்சையம் வழக்கம்போல வேலை பார்க்கிறது. கலாத்தியா, மராந்தா கோலங்கள் அந்த இனத்தின் இயல்பான வடிவம், திடீரென்று ஒரு நாள் மறைந்துபோகாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்த இரண்டு வகையிலிருந்து தொடங்கினால் மனவருத்தம் மிச்சம். கலாத்தியா ஈரப்பதம் கேட்டு அழும், அது வேறு கதை.

அப்புறம் வைரஸால் வருவதும் உண்டு. அபுடிலான் தாம்சோனி என்ற செடியின் மஞ்சள் திட்டுகள் அபுடிலான் மொசைக் வைரஸின் வேலை, வெள்ளை ஈ பரப்புவது. நெதர்லாந்தில் 1637-ல் விலை உச்சிக்குப் போய்ச் சரிந்த டியூலிப் பூக்களின் தீற்றல் கோடுகளும் ஒரு வைரஸால் வந்தவையே. நோயை அழகென்று நினைத்துச் சொத்தை அடகு வைத்திருக்கிறார்கள், நாம் பரவாயில்லை.

ரசாயனத்தில் வரும் நிறம் ஒன்று இருக்கிறது, அதுதான் மோசம். பிங்க் காங்கோ என்று ரோஜா நிற இலைகளோடு ஒரு ஃபிலோடெண்ட்ரான் விற்றார்கள். விற்பனைக்கு முன் அதற்கு ஏதோ செய்து அந்த நிறத்தை வரவழைக்கிறார்கள், சில மாதத்தில் வரும் இலைகள் எல்லாம் பச்சைக்குத் திரும்பிவிடும். உங்கள் படத்தில் அதுவும் இருந்தது, பக்கத்திலேயே பிங்க் பிரின்சஸ் என்ற இன்னொரு ஃபிலோடெண்ட்ரானும் இருந்தது. இரண்டும் ஒன்று மாதிரி படத்தில் தெரியும். பிங்க் பிரின்சஸின் ரோஜா நிறம் செடியின் சொந்த நிறம், தண்டில் கோடு பார்த்து வெட்டினால் காப்பாற்றலாம். பிங்க் காங்கோவுக்கு எந்தக் கத்தியும் உதவாது.

விதை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். 'வெள்ளை மான்ஸ்டெரா விதை பத்து' என்று ஒருவர் அனுப்பினார், ஆவலோடு நட்டேன், முளைத்தது ஏதோ புல். அசல் மான்ஸ்டெரா விதையே வந்திருந்தாலும் ஆல்போவின் வெள்ளை விதை வழியாக அப்படியே வரும் என்று நம்ப முடியாது. இதைப் புரியவைப்பது நமக்கெல்லாம் தெரிந்த அந்திமந்தாரை. கார்ல் காரென்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1909-ல் இலையில் வெள்ளைத் திட்டு உள்ள அந்திமந்தாரையை எடுத்துக்கொண்டார். ஒரே செடியில் பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, கலப்புக் கிளை மூன்றும் இருந்தன. பச்சைக் கிளையில் பூத்த பூவின் விதை பச்சை நாற்றைத் தந்தது. வெள்ளைக் கிளையின் விதை வெள்ளை நாற்று, அது விதையில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் செத்தது. கலப்புக் கிளையின் விதையில் மூன்று விதமும் வந்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் வித்தியாசம் இல்லை, தாய்க் கிளையின் நிறம்தான் கணக்கு. பச்சையத்தைச் சுமக்கும் உறுப்பு அங்கே தாய் வழியாக மட்டும் போகிறது. எல்லாச் செடியிலும் இதே கணக்குதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விதை உறைமேல் ஒட்டியிருக்கும் படத்தை நம்பிக் காசு கொடுக்காமலிருக்க இந்த அளவு தெரிந்தால் போதும்.

சரி, வெளிச்சம். 'நல்ல வெளிச்சம்' என்று எழுதுவது சுலபம், வீட்டுக்குள் நம் கண் பொய் சொல்லும் என்பதுதான் சிக்கல். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போனாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடுகிறது, கண் பழகிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாக நிழலில் தெரிந்தால் அந்த இடம் ஓரளவு தேறும், மங்கலாகக் கை மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தால் பச்சைச் செடிக்குச் சரி, நிழலே விழவில்லை என்றால் அங்கே பிளாஸ்டிக் செடி வைக்கலாம். இதற்காக நேர் வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். மதிய வெயில் நேராகப் பட்டால் முதலில் கருகுவது வெள்ளைதான், கருகிய இடம் திரும்ப ஆறாது. காலை வெயில் ஜன்னல் நல்லது, இல்லையென்றால் மெல்லிய திரை போட்ட ஜன்னல். எதுவும் இல்லாதவர்கள் எல்இடி வளர்ப்பு விளக்கை ஒரு அடி உயரத்தில் கட்டி ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரியவிடலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். இரவில் அணைத்துவிடுங்கள், செடிக்கும் ஓய்வு வேண்டும்.

தண்ணீரில் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. திங்கள், வியாழன் என்று கிழமை பார்த்து ஊற்றியதில்தான் என் முதல் மூன்று செடி போனது. விரலை இரண்டு கணு ஆழம் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடியில் வழியும் வரை ஊற்றுங்கள், ஈரம் இருந்தால் பேசாமல் இருங்கள். மண் என்று வெறும் தோட்டத்து மண்ணைப் போட்டால் தொட்டிக்குள் களியாகிவிடும். நான் தென்னை நார்த்தூள், பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைத் துணுக்கு), ஆர்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டு மூன்றையும் ஏறக்குறையச் சமமாகக் கலக்கிறேன். மான்ஸ்டெராவின் வேர் காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும் வேர், மெக்சிகோவின் தென்பகுதியிலிருந்து பனாமா வரை அதன் சொந்த ஊர், அதற்குக் காற்று வேண்டும். தொட்டியும் பழையதைவிட இரண்டு விரல் பெரிசாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் சின்ன வேரை வைத்தால் குடிக்க ஆளில்லாத ஈரம் அழுகலில்தான் முடியும். உரம் வளரும் காலத்தில், பாட்டிலில் எழுதியிருப்பதில் பாதி.

இலைமேல் தண்ணீர் தெளித்தால் ஈரப்பதம் கூடும் என்பதும் உங்கள் கட்டத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும் தெளிப்பால் அறையின் ஈரப்பதம் மாறாது. 50, 60 சதவீதம் இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். செடிகளைக் கூட்டமாக வைத்தாலே கொஞ்சம் ஏறும், போதவில்லை என்றால் ஈரமூட்டும் இயந்திரம்தான்.

பூச்சியில் நான் பயப்படுவது இலைப்பேனுக்கு மட்டும். மாவுப்பூச்சி கண்ணுக்குத் தெரியும், பஞ்சை ஆல்கஹாலில் தொட்டுத் துடைத்துவிடலாம். சிலந்திப்பேன் நூல் கட்டும், மாட்டிக்கொள்ளும். இலைப்பேன் குருத்துக்குள் ஒளிந்து சுரண்டும், இலை விரிந்த பிறகு வெள்ளித் தழும்பும் கறுப்புப் புள்ளியும் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். வெள்ளைத் திட்டு உள்ள இலையில் அந்தத் தழும்பைக் கண்டுபிடிப்பதே கஷ்டம், அழகு என்று விட்டுவிடுவோம். புதுச்செடி எதையும் மூன்று வாரம் தனியறையில் வைத்துவிட்டுத்தான் மற்றதோடு சேர்க்கிறேன். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து வாரம் ஒருமுறை, இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு விட்டால் முட்டை பொரித்து அடுத்த தலைமுறை வந்துவிடும்.

இந்தச் செடிகள் அறைக் காற்றைச் சுத்தம் செய்கின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். நாசா 1989-ல் வெளியிட்ட ஆய்வு மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது. 2019-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டவர்கள், கட்டடத்துக்குள் இயல்பாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்றார்கள். ஆயிரத்தை விடுங்கள், பத்து வைத்தாலே நாம் வெளியேதான் படுக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றை எழுதவே இல்லை. மான்ஸ்டெரா, ஃபிலோடெண்ட்ரான், மணி பிளான்ட், கலேடியம் எல்லாவற்றின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இருக்கின்றன. தவழும் குழந்தையோ பூனையோ கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். வெட்டும்போது வழியும் சாறு சிலருக்குக் கையில் அரிக்கும், நான் உறை போட்டுக்கொள்கிறேன். தரையில் தொட்டி வைக்கச் சொல்லும் கட்டுரையில் இந்த ஒரு வரிக்கு இடம் இருந்திருக்க வேண்டும்.

வாங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தாய் கான்ஸ்டலேஷன் என்று ஒரு மான்ஸ்டெரா இருக்கிறது (அம்மா இல்லை, தாய்லாந்து), திசு வளர்ப்புக் கூடத்தில் (சின்னத் திசுத் துண்டிலிருந்து செடி உண்டாக்கும் இடம்) வந்தது, க்ரீம் நிறப் புள்ளிகள் ஒவ்வொரு இலையிலும் தவறாமல் வரும். திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் பெருக்க முடிவதால் அது முன்புபோல அபூர்வமாக இல்லை. ஆல்போவை அப்படிப் பெருக்கினால் வெள்ளையும் பச்சையும் பிரிந்துபோகலாம், அதனால் பெரும்பாலும் வெட்டுத்துண்டாகத்தான் கைமாறுகிறது. சிலர் இலையை மட்டும் காம்போடு விற்கிறார்கள். தண்ணீரில் வைத்தால் வேர்கூட விடும், மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், ஒரு குருத்துகூட வராது, ஏனென்றால் கணு இல்லை. கணுவும் கண்ணும் தெரியும்படி தண்டைத் திருப்பித் திருப்பிப் படம் கேளுங்கள், தர மறுத்தால் வாங்காதீர்கள்.

அந்தக் கட்டத்துக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போடும்போது இலைப்படங்களோடு ஒரு தண்டின் படத்தையும் கணு தெரியும்படி கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். கேட்டால் என் செடியையே படம் எடுத்து அனுப்புகிறேன். இரண்டு வெட்டுத் தழும்போடு இருக்கிறது, பார்க்க அவ்வளவு லட்சணமாக இராது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்